பறவைகளைப் போய்ப் பாருங்கள்

(ஞாயிறு வானொலி மறையுரை. நற்செய்தி வாசகம்: மத்தேயு 6:24-34)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நமக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கிறார். பறவைகளைப் பார்க்கச் சொல்கிறார். நாளைக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, துணிமணிக்கு என்ன செய்வது என்று மனம் குழம்பிக் கிடந்த எளிய மக்களிடம்தான் அவர் இதைச் சொன்னார். களஞ்சியம் எதுவும் இல்லாத அந்தச் சிற்றுயிர்களுக்கே பந்தி பரிமாறுகிற தந்தை, பிள்ளைகளாகிய உங்களை மறந்துவிடுவாரா என்பது அவருடைய கேள்வி.

இந்தப் பகுதியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கவலை வேண்டாம் என்று அவர் சொன்னது மனதில் தங்கிவிடுகிறது. பார்க்கச் சொன்னது மட்டும் நழுவிவிடுகிறது. நற்செய்தியாளர் மத்தேயு இங்கே எழுதியிருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு உற்றுப் பார்த்தல் என்று பொருள். மலர்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னும் ஒரு படி மேலே போய், கவனித்துக் கற்றுக்கொள்ளுதல் என்று பொருள்படும் சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆக, இது ஒரு பாடம். பாடம் படிக்க வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரத்தில் வாழ்கிற நமக்கு அந்தப் பள்ளிக்கூடம் மிக அருகில் இருக்கிறது. அதுதான் பழவேற்காடு ஏரி. பொன்னேரியிலிருந்து பேருந்தில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆந்திரப் பகுதியை 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதியை 1980-லும் அரசுகள் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. நம் பக்கத்துச் சரணாலயம் மட்டும் 153 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை அங்கே போனால், ஆண்டவர் சொன்ன பாடத்தைக் கண்ணால் படிக்கலாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் அதற்காக வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

வாரம் ஆறு நாள் ஷிப்டு பார்த்துவிட்டு, கிடைக்கிற ஒரு நாள் விடுமுறையில் பறவை பார்க்கப் போவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓய்வுநாளைக் கடவுள் எதற்காகத் தந்தார் என்று விடுதலைப் பயண நூலின் 23-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். மாடும் கழுதையும் இளைப்பாறவும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியரும் மூச்சுவிடவும்தான் அந்த நாள் என்று அங்கே சொல்லப்படுகிறது. நம் உடல் தூங்கினால் ஓய்வு கிடைத்துவிடும். கண்ணுக்கும் மனதுக்கும் ஓய்வு வேண்டும் என்றால், மனிதன் செய்யாத ஒன்றின் முன்னால் போய்ச் சற்று நிற்க வேண்டும். திருப்பலி முடிந்த பின் குடும்பத்தோடு அப்படி நிற்பதும் ஞாயிறைப் புனிதமாக்குவதே.

சரி, அங்கே போனால் என்ன பார்ப்போம்? அண்ணாமலைச்சேரிப் பக்கம் கரையில் நின்று காலை வெயிலில் பார்த்தால், தூரத்தில் ஏரியின் மேல் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஒரு கோடு தெரியும். அது அசையும்போதுதான் பூநாரைக் கூட்டம் என்று புரியும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகிற சாலை ஏரிக்கு ஊடாகவே செல்வதால், அங்கிருந்தும் பார்க்கலாம். பூநாரையோடு கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் என்று பல வகைப் பறவைகள் இருக்கும். உள்ளான்களில் சில நம் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அவை சைபீரியா வரை போய்க் குஞ்சு பொரித்துவிட்டுத் திரும்பி வருகின்றன.

பூநாரை சாப்பிடுவதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நீண்ட கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுக்குள் வைக்கும். நாக்கால் தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற அமைப்பில் பாசியும் புழுவும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கூனிகளும் தங்கிவிடும். அதுதான் அதன் உணவு. அதன் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே வருகிறது. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம்தான். தாயும் தந்தையும் தங்கள் தொண்டையில் ஊறும் சிவந்த பால் போன்ற ஒன்றை அலகு வழியாக அதற்கு ஊட்டுகின்றன. பிறகு அது தானே சேற்றில் தலை கவிழ்ந்து உழைத்து, ஆண்டுக்கணக்கில் அந்த நிறத்தைப் பெறுகிறது.

ஆகவே, கவலை வேண்டாம் என்று சொன்ன ஆண்டவர், உழைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பறவைகள் பொழுது விடிந்தது முதல் உழைக்கின்றன. ஆனால் அவை தமக்கு வேண்டியதைத் தாமே உண்டாக்கிக்கொள்ளவில்லை. அவை வருவதற்கு முன்பே யாரோ பந்தி விரித்து வைத்திருக்கிறார். தந்தை அவற்றுக்கு உணவளிக்கிறார் என்பதன் பொருள் இதுதான்.

அன்பானவர்களே, அந்தப் பந்தி எப்படி விரிக்கப்படுகிறது என்பதையும் பார்ப்போம். ஆந்திரத்து மலைகளில் பிறக்கிற ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாக வந்து நன்னீரைக் கொண்டுவருகிறது. வடக்கே காளங்கி ஆறு வருகிறது. கிழக்கே முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்கூட இல்லை. உப்பும் நன்னீரும் கலந்த அந்த ஆழமற்ற நீரில்தான் பாசி வளர்கிறது, புழுவும் கூனியும் பெருகுகின்றன. கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. கோடையில் அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் ஏரியின் மூச்சே திணறும். மீனும் இறாலும் குறையும். பறவையும் மீனவரும் சேர்ந்தே பட்டினி கிடப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகி வந்தால் அது மறுபடி திறக்கும்.

அந்தப் பந்தியில் பறவைகள் மட்டும் உட்காரவில்லை. பழவேற்காட்டு மீனவக் கிராமங்களில் பாடு என்ற ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. ஏரியில் வலை கட்ட நல்ல இடம் சிலவே இருக்கும். அதை வலிமை உள்ளவர் பிடித்துக்கொள்ள முடியாது. முறை வைத்து, ஒருவர் பின் ஒருவராக இடம் மாறி மாறிக் கிடைக்கும். இன்று உங்களுக்கு நல்ல பாடு என்றால் நாளை எனக்கு. பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது, அவரவர் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுக்க வேண்டும், பதுக்கினால் புழுத்துப்போகும் என்று கடவுள் கற்பித்த பாடத்தை இது நினைவூட்டுகிறது. இந்த முறையிலும் குறை உண்டு. பிறந்த குலத்தைப் பார்த்துத்தான் பாடு கிடைக்கிறது. அதற்கு வெளியே நிற்பவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

அப்படி வெளியே நிற்பவர்களில் இருளர் மக்களும் உண்டு. வலையும் இல்லை, படகும் இல்லை. பெண்கள் மார்பளவு நீரில் இறங்கி, பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பூநாரை எந்தச் சேற்றில் அலகை வைக்கிறதோ, அதே சேற்றில்தான் அவர்கள் கை வைக்கிறார்கள். நீரில் எது கலந்தாலும் அது முதலில் தொடுவது அவர்கள் தோலைத்தான். பறவையைப் பார்க்கப் போகும் நாம் இவர்களைப் பார்க்காமல் திரும்பினால், பாதிப் பாடத்தோடு எழுந்து வந்தவர்கள் ஆவோம். ஒரு பறவையைவிட நீங்கள் எவ்வளவோ மேலானவர்கள் என்று ஆண்டவர் சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தானே!

இப்போது மனதுக்குச் சற்றுப் பாரமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தந்தை தம் பந்தியை எங்கே விரித்திருக்கிறார் என்று கவனித்தீர்களா? ஆறுகளின் கடைசியில் விரித்திருக்கிறார். நம் ஊர்கள், நம் தொழிற்பேட்டைகள், நம் சாக்கடைகள் எல்லாவற்றுக்கும் கீழே அது இருக்கிறது. நாம் மேலே கொட்டுவது எல்லாம் ஓடைகளிலும் ஆற்றிலும் கால்வாயிலும் இறங்கி, ஒரு நாள் அந்தப் பந்திக்குப் போய்ச் சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது தெற்கே எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை நாம் செய்தியில் பார்த்தோம். வெள்ளை இறகெல்லாம் எண்ணெய் படிந்து நின்ற கூழைக்கடாக்களின் படத்தைப் பார்த்தோம். கரையில் வலைகளும் படகுகளும் வீணாகி நின்ற மீனவர்களையும் பார்த்தோம். பறவைக்கு வந்த துன்பமும் ஏழைக்கு வந்த துன்பமும் அங்கே ஒன்றாகவே இருந்தன. பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறு வேறல்ல என்பதைத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் திருஅவைக்கு வலியுறுத்தினார்.

தொழிற்சாலைகள் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வானொலியைக் கேட்கிற பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். நள்ளிரவு ஷிப்டு. வெளியே அடை மழை. சுத்திகரிப்பு இயந்திரத்தை ஓட்டினால் மின்சாரச் செலவு. இந்த மழையில் யாருக்குத் தெரியப்போகிறது, திறந்து விட்டுவிடு என்று மேலிருந்து ஒரு சொல் வருகிறது. வால்வுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி. மாட்டேன் என்றால் நாளைக்கு வேலை இருக்குமா? பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் அந்த ஒரு நொடியில் அவர் கண்முன் வரும்.

இன்றைய நற்செய்தி அந்த நொடிக்காகவே சொல்லப்பட்டதுபோல் இருக்கிறது. நாளைக்கு என்ன சாப்பிடுவோம் என்ற அச்சம்தான் நல்ல மனிதரின் கையையும் தவறான வால்வைத் திறக்க வைக்கிறது. முதலாளிக்கும் அதே அச்சம்தான், லாபம் குறைந்துவிடுமோ என்ற வேறு பெயரில். கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய இயலாது என்ற எச்சரிக்கையோடுதான் ஆண்டவர் இந்தப் போதனையைத் தொடங்குகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. கவலையை விடச் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அச்சத்துக்கு அடிமையாகாமல் சரியானதைச் செய்ய நமக்குத் துணிவு தருகிற வார்த்தை அது.

அதற்காக அந்தத் தொழிலாளி ஒருவரே சிலுவையைச் சுமக்கட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. ஒருவராகச் சொன்னால் வேலை போகும். பத்துப் பேராகச் சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு தனி மனிதர் எழுதுவதைவிட ஓர் ஊர் கூடி எழுதுவது நல்லது. நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? மேலாளர்களாக, பொறியாளர்களாக, உரிமையாளர்களாக இருந்து இதைக் கேட்கும் சகோதரர்களே, உங்களுக்குக் கீழே நிற்பவரை அந்த நொடிக்குள் தள்ளாதிருங்கள். அதுவே நீங்கள் செய்யும் பெரிய அறச்செயல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூநாரைகள் குஜராத்தின் கட்ச் பகுதியில் கூடு கட்டுகின்றன. அவ்வளவு தூரத்திலிருந்தும் வருகிற பறவைகளை நாம் விருந்தாளி என்கிறோம், படம் எடுக்கிறோம், பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். நல்லது. ஆனால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைப்புத் தேடி நம் தொழிற்பேட்டைக்கு வந்து, தகரக் கொட்டகையில் எட்டுப் பேர் பத்துப் பேராகத் தங்கியிருக்கிறார்களே, அவர்களும் வலசை வந்தவர்கள்தான். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு அமைதியாகப் போய்விடுகிறார்கள். அடுத்த முறை பழவேற்காட்டுக்குப் போகும்போது வண்டியில் அவர்களுக்கும் இரண்டு இடம் வையுங்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது, தாயைப் போகவிட வேண்டும் என்பதே அது. அடுத்த தலைமுறைக்கு வழி விட்டுவை என்று பொருள். ஒரு கூட்டுக்குக்கூடக் கடவுள் சட்டம் வைத்திருக்கிறார் என்றால், ஒரு சரணாலயத்தில் நாம் எவ்வளவு பணிவோடு நடக்க வேண்டும்! காலையில் சீக்கிரம் போங்கள். பாட்டுப் பெட்டியை வீட்டிலேயே வையுங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதற்காகக் கல்லெறிந்தோ கத்தியோ கூட்டத்தைப் பறக்க வைக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்த பறவை, சேர்த்துவைத்த வலிமையை நமக்கு வேடிக்கை காட்ட வீணாக்க வேண்டுமா? கட்டுச்சோறு கொண்டுபோனால் பொட்டலத்தையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். கரையில் மீன் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் மீன் வாங்குங்கள்.

இதையும் கண்டிப்பாகக் கேளுங்கள். 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, உல்லாசமாகப் பழவேற்காட்டுக்கு வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். நம் வட்டாரம் அந்தக் கிறிஸ்துமஸை மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே உல்லாசப் படகுச் சவாரி தடை செய்யப்பட்டது. யாராவது குறைந்த பணத்தில் கூட்டிப்போகிறேன் என்று அழைத்தாலும் ஏறாதீர்கள். பறவைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த ஆன்மாக்களுக்காகக் கரையில் நின்று ஒரு செபம் சொல்லுங்கள்.

திரும்பும் முன் பழவேற்காட்டில் மகிமை மாதா திருத்தலத்தில் சற்று அமருங்கள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து, 500 ஆண்டுகளுக்கு மேலாக, மீனவக் குடும்பங்கள் தங்கள் வலையையும் படகையும் அந்தத் தாயின் பாதத்தில் ஒப்படைத்துவருகிறார்கள். டச்சுக்காரர்கள் வந்தார்கள், 1613-இல் கோட்டை கட்டினார்கள், போனார்கள். இன்று கோட்டை இடிந்து கிடக்கிறது, கல்லறைகள் மிச்சம் இருக்கின்றன. ஏரியும் பறவைகளும் கைகளால் சேற்றைத் துழாவும் ஏழைகளும் இன்னும் இருக்கிறார்கள். தந்தையின் பந்தி இன்னும் எடுக்கப்படவில்லை.

ஆகவே மார்ச் மாதம் முடிவதற்குள் ஒரு ஞாயிறு போய் வாருங்கள். மறைக்கல்வி மாணவர்களை அழைத்துப்போங்கள். உற்றுப் பாருங்கள். திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பும்போது, நாம் திறக்கும் ஒவ்வொரு குழாயின் மறுமுனையிலும் யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

மன்றாடுவோம். எல்லா உயிர்களுக்கும் உரிய காலத்தில் உணவளிக்கும் தந்தையே, எங்கள் ஆறுகளின் கடைசியில் நீர் விரித்து வைத்திருக்கும் பந்தியை நாங்கள் கெடுக்காதபடி எங்களைக் காத்தருளும். நாளையைப் பற்றிய அச்சத்தால் தவறுக்குத் துணைபோகாத துணிவை எங்களுக்குத் தாரும். நீரில் இறங்கி உழைப்போரையும், தொலைவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரையும் எங்கள் உடன்பிறப்புகளாகக் காணும் கண்களைத் தாரும். ஏரியில் உயிர் நீத்த அனைவருக்கும் உமது நிலையான இளைப்பாற்றியைத் தந்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.